நிறுத்தும் தேதி

கொம்பையாவின் தொடையெலும்பு முறிந்தபோது நான் எல்லைக்கோட்டுக்கு வெளியே பன்னிரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். காய்ந்த கருவேல விறகை முழங்காலில் வைத்து ஒடித்தால் ஒரு சத்தம் வருமே, அதேதான். அரங்கத்தில் இருந்த ஒன்பதாயிரம் பேரும் அதைக் கேட்டார்கள். கேட்டுவிட்டுக் கை தட்டினார்கள்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எலும்பின் முனை உள்ளிருந்து சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. பெரிய ரத்தக்குழாய் அறுந்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் அழுத்தினேன், விரல் சந்துகளில் சூடாகப் பீறிட்டது. அவன் தொடையைப் பிடித்திருந்த எங்கள் அணி மாசானமுத்து பிடியை விட்டுவிட்டு எழுந்து நின்று, தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அழுத்திப் பிடிக்கலையே டாக்டரம்மா," என்றான். "சும்மாதான பிடிச்சேன்."

யாரும் அவனைக் கவனிக்கவில்லை. மேலே ரசிகர்கள், "எலும்பொடிச்சான்! எலும்பொடிச்சான்!" என்று ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் பாலத்தைத் தாண்டுவதற்குள் கொம்பையா இறந்துபோனான். இருபத்தேழு வயது.

இந்தக் கபடி லீக் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2047இல் டிவி வைத்திருக்கும் எவருக்கும் தெரியாமல் இருக்காது. ஆடுகளத்து விரிப்புக்கு அடியிலும் ஆட்டக்காரர்களின் பனியனிலும் கருவிகள் இருக்கும். ஒவ்வொரு பிடியிலும் எவ்வளவு பலமாக அடி விழுந்தது என்று பெரிய பலகையில் ஓர் எண் எரியும். அது முந்நூறைத் தாண்டினால் கூடுதலாக ஒரு புள்ளி. தொட்டுவிட்டு ஓடுவதையும் பிடித்து நிறுத்துவதையும் பார்த்து மக்களுக்கு அலுத்துவிட்டது. எவ்வளவு வலிக்கிறது என்றும் தெரிய வேண்டியிருந்தது.

நான் பிரிசில்லா, தூத்துக்குடி துறைமுக அணியின் மருத்துவர். கொம்பையா எதிரணிக்காரன். அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடாமல் செய்தது அவன் சாவு மட்டுமல்ல, பலகையில் எரிந்த எண்ணும்தான். நூற்று எண்பது. பயிற்சியின்போது பையன்கள் தோளில் தோள் இடித்துச் சிரித்துக்கொள்வார்களே, அதற்கே அவ்வளவு வரும். நல்ல வாலிபனின் தொடையெலும்பு நூற்று எண்பதுக்கு ஒடியவே ஒடியாது.

மறுநாள் காலையில் பிணவறைக்குப் போனேன். பிரேதப் பரிசோதனை செய்தவர் சர்குணம், என்னோடு படித்தவர். அவர் தட்டில் ஒரு எலும்புத் துண்டை வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"கட்டைவிரலால அழுத்திப் பாரு."

அழுத்தினேன். ரஸ்க் மாதிரி நொறுங்கியது.

"ஆளுக்கு வயசு இருபத்தேழுன்னு எழுதியிருக்கு," என்றார் சர்குணம். "எலும்புக்கு எழுபத்தஞ்சு. நெல்லு போட்டு எத்தனை வருஷம்?"

"எட்டு இருக்கும்."

நெல்லு என்பது ஆட்டக்காரர்கள் வைத்த பெயர். கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நெல்மணி அளவுக்கு ஒரு சின்னக் கருவி. வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தையல் போட்டால் ஆறு வருஷத்துக்கு இரைப்பையில் அமிலம் சுரக்காது, அது தீர்ந்ததும் புதிதாக இன்னொன்று. நெஞ்செரிச்சல் இல்லை, புளித்த ஏப்பம் இல்லை, எந்நேரத்திலும் எதையும் சாப்பிடலாம். காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போட்டே இரண்டு தலைமுறையை ஓட்டிய ஜனங்கள் இதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். முதலில் வாங்கிப் போட்டுக்கொண்டது டாக்டர்கள்தான். காலையில் ஆறு டீ குடிக்கிறவள் நான், என்னை மட்டும் விட்டுவைக்குமா?

கபடிக்காரர்களுக்கு அது வேறு விதத்தில் வரம். அடிபட்ட உடம்புக்கு வலி மாத்திரை வேண்டும். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும். பொரிகடலை மாதிரி மாத்திரையைத் தின்றுவிட்டு, மாசானமுத்துவே ஒருமுறை என் மேஜை மீது ரத்தமாக வாந்தி எடுத்தான். நெல்லு போட்டேன், பிழைத்தான். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் புண் ஆறிய பிறகு அதை எடுக்கலாமா என்று அவனும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வலி மாத்திரை இனி எத்தனை வேண்டுமானாலும் தின்னலாம் என்றதும், லீக்கில் ஓய்வு நாள் என்பதே ஒழிந்தது.

"அமிலம் இல்லாட்டி சாப்பாட்டுல இருக்கிற சுண்ணாம்புச்சத்து ஒழுங்கா உடம்புல சேராது," என்றார் சர்குணம். "எட்டு வாரம் போட்டா ஒண்ணும் ஆகாது. எட்டு வருஷம்! போதாக்குறைக்கு மூட்டை மூட்டையா வலி மாத்திரை. இவனை எப்படி ஆட விட்டீங்க?"

"வருஷா வருஷம் எலும்பு ஸ்கேன் எடுக்குறோமே. எல்லாருக்கும் முதல் தரம்னுதான் வருது."

"எந்த எலும்புல?"

"குதிகால்ல. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும், எல்லா ஊர்லயும் அப்படித்தான…"

சொல்லி முடிக்கும்போதே சர்குணம் துணியை விலக்கிக் கொம்பையாவின் பாதத்தைக் காட்டினார். வெடிப்பும் தடிப்புமாக ஒரு குதிகால்.

"அஞ்சு வயசுல இருந்து செருப்பில்லாம செம்மண்ணுல ஓங்கி ஓங்கி மிதிச்ச கால். இந்த ஒரு எலும்பு இரும்பாத்தான் இருக்கும். வாசப்படியைத் தட்டிப் பாத்துட்டு வீடு மொத்தமும் உறுதின்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்ச முறை இது?"

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் லீக்குக்கு அந்த முறையை எழுதிக்கொடுத்தவள் நான்தான். சீக்கிரம் முடிகிறது என்று எனக்குக் கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

நேரே அணி விடுதிக்குப் போய் மாசானமுத்துவை அழைத்து வந்து, இடுப்பெலும்பில் ஸ்கேன் எடுத்தேன். அந்தப் பருவத்தில் அவன் பிடியில் எலும்பு ஒடிந்தவர்களில் கொம்பையா மூன்றாவது ஆள். அதற்கு முன் ஒருவனுக்கு விலா, ஒருவனுக்குக் காறை எலும்பு. இவனும் உளுத்துத்தான் போயிருப்பான், எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். திரையில் வந்த படத்தை இரண்டுமுறை பார்த்தேன். கருங்கல் மாதிரி இருந்தது.

"சட்டையைத் தூக்கு," என்றேன்.

நான் தையல் போட்ட இடத்தில் கோணல்மாணலாக ஒரு தழும்பு ஓடியது. என் தையல் அப்படி இருக்காது.

"எப்போ எடுத்தே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மூணு வருசம் ஆச்சும்மா. எங்க ஊர் கோயில் கொடையில எல்லாரும் ஒரே சோத்தத்தான் தின்னோம். அத்தன பேரும் ஏப்பம் விட்டுட்டுப் போயிட்டானுவ. எனக்கு மட்டும் ஒம்பது நாள் வயித்தால போச்சு. செத்துப் பொழச்சேன். நீங்கதான் ஒருநா சொன்னீய, வயித்து அமிலம் காவக்காரன் மாதிரி, கண்ட கிருமியும் உள்ள வராமப் பாத்துக்கிடும்னு. காவக்காரன் இல்லாத வீடு எதுக்குன்னு மீன் வெட்டுற கத்தியால கீறி எடுத்துட்டேன்."

"ஒரேயடியாவா எடுத்தே? எரிச்சல்ல செத்திருப்பியே!"

"மூணு மாசம் தொண்ட வரைக்கும் தீயாக் கெடந்துச்சு. பெறவு அமந்துட்டு. வலி மாத்திரையையும் விட்டுட்டேன். வலிக்கத்தான் செய்யுது." அவன் தயங்கினான். "ஒப்பந்தத்துல நெல்லு இருக்கணும்னு போட்டுருக்காம்லா. அதான் யார்ட்டயும் சொல்லல."

எனக்கு அவனை அறையலாம்போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம்போலவும் இருந்தது. பிணவறையில் பார்த்ததையெல்லாம் சொன்னேன்.

"அப்பம் நான் பலசாலி இல்லையாம்மா?"

"நீ சாதாரண ஆளு மாசானம். மத்தவங்கதான் உளுத்துப்போயிட்டாங்க."

"கொம்பையாவ நான் பிடிச்ச பிடி?"

"சாதாரணப் பிடி."

அவன் தரையில் உட்கார்ந்து, அந்தப் பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சுவரெல்லாம் அவன் படம் ஒட்டியிருந்தது, எலும்பொடிச்சான் என்று. அழுகை நின்றதும் வேறொரு பயம் வந்தது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழம ஃபைனல். வைகை அணியில பாடி வாரது என் மச்சினன்மா. சுடலைக்கண்ணு. என் வீட்டுக்காரி பேச்சிக்குக் கூடப்பொறந்தவன். அவனுக்கு நெல்லு போட்டு ஏழு வருசம். நான் எப்படிம்மா அவனப் பிடிக்க?"

நான் லீக்கின் மேலாளர் வித்யாதரனிடம் போனேன். சென்னை ஆள், குரலை உயர்த்தவே மாட்டார். நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"சரி டாக்டர், எல்லாருக்கும் நெல்லை எடுத்துடலாம். எடுத்தா?"

"ஒரே நாள்ல எடுத்தா, அடக்கி வச்ச அமிலமெல்லாம் ஒண்ணுக்கு ரெண்டாப் பொங்கும். நெல்லோட வேகத்தை வெளிய இருந்தே கொஞ்சம் கொஞ்சமா மூணு மாசத்துல குறைக்கணும். எலும்பு தேற ரெண்டு வருஷம் ஆகும். சிலபேருக்கு எடுக்கவே கூடாது, வயித்துல ரத்தக் கசிவு இருக்கிறவங்களுக்கு அதுதான் உயிர். ஒவ்வொருத்தரையா உக்கார வச்சுப் பாக்கணும்."

"அதாவது லீக்கை ரெண்டு வருஷம் மூடணும்."

"ஆமா."

"நீங்களும் நெல்லு போட்டிருக்கீங்க இல்ல?" என்றார் சிரித்துக்கொண்டே. "எத்தனை வருஷம்?"

"பத்து."

"நல்லாத்தானே நடமாடறீங்க? பிரேதப் பரிசோதனை அறிக்கை முறைப்படி வரட்டும் டாக்டர். அதுக்கு மூணு வாரம் ஆகும். அப்புறம் கமிட்டியில வச்சுப் பேசலாம்."

சுடலைக்கண்ணுவுக்கு நானே போன் போட்டேன். எதிரணி டாக்டர் ஃபைனலுக்கு நாலு நாள் முன்னால் கூப்பிட்டு, நீ ஆடாதே, உன் எலும்பு உடையும் என்றால் எவன் நம்புவான்? "அத்தான் பயந்துட்டாரா டாக்டரம்மா?" என்று சிரித்தான். "போன வாரந்தான் எங்க டாக்டரு ஸ்கேன் எடுத்தாரு. முதல் தரம்னு சீட்டு குடுத்துருக்காரு." போனை வைத்துவிட்டேன். அந்தச் சீட்டின் மாதிரியை எழுதியதே நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு ஆட்டம். மாசானமுத்துவை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லி எங்கள் பயிற்சியாளர் அய்யாத்துரையிடம் கெஞ்சினேன். உடம்பு சரியில்லை என்று எழுதித் தருகிறேன் என்றேன். "நேத்து வரைக்கும் கல்லு மாதிரி இருந்தவனுக்கு இன்னைக்கு என்னம்மா சீக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

சுடலைக்கண்ணு முதல் முறை பாடி வந்தபோது மாசானமுத்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். சுடலை தொட்டுவிட்டுத் திரும்பினான். இரண்டாம் முறையும் அப்படியே. பக்கத்தில் இருந்தவர்கள் பிடிக்கப் பாய்ந்தால், மாசானமுத்து குறுக்கே விழுந்து தன் ஆட்களையே தள்ளிவிட்டான். அரங்கத்திலிருந்து தண்ணீர் பாட்டில்கள் வந்து விழுந்தன. "வெல போயிட்டான்! மச்சினனுக்கு வித்துட்டான்!" ஒரு பாட்டில் அவன் புருவத்தைப் பிளந்தது. ரத்தத்தைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் நின்றான்.

இடைவேளையில் அய்யாத்துரை ஒன்பதாயிரம் பேர் முன்னால் அவன் கன்னத்தில் அறைந்தார். இரண்டாவது அறைக்கும் அவன் முகத்தைத் திருப்பவில்லை. வேறு ஆளை இறக்கியிருக்கலாம், ஆனால் அய்யாத்துரைக்கு வீம்பு. "நீயே நின்னு தோத்துட்டு, நீயே வெளிய போயி ஜனங்களுக்குப் பதில் சொல்லு," என்றார்.

கடைசி நிமிஷம். எங்கள் பக்கத்தில் மாசானமுத்து மட்டும்தான் மிச்சம். சுடலைக்கண்ணு கோட்டைத் தாண்டி வந்தான். ஜெயித்தாகிவிட்டது, ஒரு தொடல் போதும். ஆனால் அவன் முகத்தில் சந்தோஷமே இல்லை. பாட்டை விட்டுவிட்டான். விட்டால் அவுட் என்பதுகூட அவனுக்கு நினைவில்லை.

"பிடிங்க அத்தான்!" என்று கத்தினான். "எனக்குப் பிச்ச போடுதீங்களா? ஊரே பாக்கு. பிடிங்கங்கேன்!"

"பிடிக்க மாட்டேம்ல. தொட்டுட்டுப் போயிரு," என்றான் மாசானமுத்து. "உங்கக்கா மூஞ்சில நான் முழிக்கணும். போயிருல."

சுடலைக்கண்ணு இரண்டடி பின்வாங்கி, எகிறி, வலது காலால் உதைத்தான். அந்த இரும்புக் குதிகால் மாசானமுத்துவின் மேல்வயிற்றில் இறங்கியது. மாசானமுத்து அசையவில்லை. கைகள் அப்போதும் பின்னால்தான் கட்டியிருந்தன.

மறுபடி அந்த விறகுச் சத்தம். குதிகாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மேலே, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், சுடலைக்கண்ணுவின் கால் இன்னொரு முழங்கால் இருப்பதுபோல மடங்கியது. கீழே விழுந்ததில் ஊன்றிய கையும் ஒடிந்தது. அவன் அலறிய அலறலில் முதல் வரிசையில் ஒருவர் எழுந்து ஓடினார். பலகையில் நூற்று நாற்பது எரிந்தது.

மாசானமுத்து அவன் பக்கத்தில் மண்டியிட்டான். "நான் ஒண்ணும் செய்யலையேல, சும்மாதானல நின்னேன்," என்று சொல்லிக்கொண்டே வந்தவன், பாதியில் குனிந்து, விரிப்பெல்லாம் ரத்தமாக வாந்தி எடுத்தான். மூன்று வருஷமாக நெல்லு இல்லாமல் கிடந்த பழைய புண் உதையில் திறந்துகொண்டது. ஒரே ஆம்புலன்ஸில் இரண்டு பேரையும் ஏற்றினேன். இந்த முறை பாலத்தைத் தாண்டும்வரை ஒருவன் கையை மற்றவன் விடவில்லை.

புதன்கிழமை காலையில் கமிட்டி கூடியது. நான் கொம்பையாவின் எலும்பைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். மேஜையில் இருந்தது, ஆதாரமாக நானே வித்யாதரனிடம் கொடுத்திருந்த மாசானமுத்துவின் ஸ்கேன் படம்.

"விதியை மீறி ஒரு ஆட்டக்காரர் மூணு வருஷமா நெல்லு இல்லாம ஆடியிருக்கார்," என்று வித்யாதரன் அமைதியாகப் படித்தார். "இதனால அவரோட எலும்பு மத்தவங்களைவிட உறுதியா இருந்திருக்கு. இது நியாயமில்லாத சாதகம். கூட ஆடறவங்க உயிருக்கே ஆபத்து. ஒரு மரணமும் நடந்திருக்கு. அவர் திரும்ப ஆடணும்னா நெல்லு போட்டு ரெண்டு வருஷம் காத்திருக்கணும். எலும்பு மத்தவங்க அளவுக்கு வந்திருக்குன்னு அணி மருத்துவர் சான்று தரணும்."

சொல்லிவிட்டு, நான் கையெழுத்துப் போடுவதற்காகப் படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

நான் எழுந்து போய் அவர் கன்னத்தில் அறைந்தேன். என் வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தேன். அறையில் ஒரு சத்தம் கேட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

வித்யாதரன் கன்னத்தில் விரல் தடம்கூட விழவில்லை. என் வலது கை மணிக்கட்டில் இருந்து கழன்று தொங்கியது.

வலி வருவதற்கு முன்னால் ஒரு விநாடி எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேருமே ஐம்பதைத் தாண்டியவர்கள், ஏழு பேருமே நெல்லு போட்டவர்கள். வித்யாதரன் மெதுவாகத் தன் கையை மேஜையிலிருந்து எடுத்து, கண்ணாடிப் பாத்திரத்தை வைப்பதுபோல மடியில் வைத்துக்கொண்டார்.

மாவுக்கட்டோடு வார்டுக்குப் போனேன். மாசானமுத்துவும் சுடலைக்கண்ணுவும் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள். நடுவில் பேச்சி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, புருஷனுக்கு ஒரு வாய், தம்பிக்கு ஒரு வாய் என்று கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சுடலை இனி ஆட மாட்டான். நடப்பான் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார்.

"உன் புண் ஆறணும்னா அமிலத்தை அடக்கித்தான் ஆகணும்," என்றேன் மாசானமுத்துவிடம். "இல்லாட்டி மறுபடி ரத்தம் போகும். உயிரே போயிரும்."

அவன் முகம் இருண்டது. "திரும்ப நெல்லாம்மா?"

"நெல்லு வேண்டாம். பழைய மாத்திரைதான். எட்டு வாரம்."

"பெறவு?"

"அப்புறம் குறைச்சுக் குறைச்சு விட்டுரணும்."

"எப்பம் விடணும்னு சீட்டுல எழுதித் தாங்க. இல்லாட்டி எவனாவது முழுங்கு முழுங்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பான்."

இடது கையால் சீட்டை எழுதினேன். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல நெளிந்தது. மாத்திரையின் பெயர், காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன். இதெல்லாம் இருபத்தாறு வருஷமாக எழுதிப் பழகியது. அதற்குக் கீழே, 'நிறுத்தும் தேதி' என்று எழுதி அந்தத் தேதியைப் போட்டேன். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் சீட்டு எழுதியிருப்பேன், அந்த வரியை எழுதுவது அதுவே முதல்முறை.

சுடலைக்கண்ணு படுத்தபடியே நல்ல கையை நீட்டினான். "எனக்கும் ஒரு தேதி எழுதுங்க டாக்டரம்மா."

அவனுக்கு நெல்லை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது, எந்தத் தேதியில் எடுப்பது என்று எழுதினேன். பேச்சி அதை வாங்கி மடித்துச் சேலை முடிச்சில் வைத்துக்கொண்டாள். "அப்பம் உங்களுக்கும்மா?" என்றாள், என் மாவுக்கட்டைப் பார்த்து.

மூன்றாவது சீட்டில் என் பெயரை எழுதினேன். நிறுத்தும் தேதி என்றும் எழுதினேன். அதற்கு எதிரே பேனா நின்றது. மாசானமுத்து சொன்ன அந்த மூன்று மாதத் தீ ஞாபகம் வந்தது, காலையில் குடிக்கும் ஆறு டீயும் ஞாபகம் வந்தது. இடது கை அல்லவா, வலிக்கிறது, நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று பேச்சியிடம் சொன்னேன்.

அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீங்க சொல்லுங்கம்மா, நான் எழுதுதேன்," என்றாள்.